உப்புக் குகை ஏன் இடிந்து விழுவதில்லை?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் குகை என்றதும் சுண்ணாம்புக்கல் மலைதான் கண்முன் வரும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்த மலைகளின் அடிவாரத்தில் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். அடைமழை பெய்தால் அதே மலையிலிருந்து கல் விழுந்துவிடுமோ என்று அஞ்சவும் செய்கிறோம். அது வீண் அச்சமன்று. ஈப்போவில், தைப்பூசக் காவடிகள் சென்றடையும் கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் சீரோ மலையிலிருந்து 1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெரும் பாறைப்பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்ததில், அடிவாரத்து வரிசை வீடுகளில் இருந்த ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர்.

ஆகவே, 2025 ஏப்ரல் 1ஆம் நாள் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றி எரிந்த காட்சிகளைப் பார்த்த சில நாள்களுக்குப் பிறகு, என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, "வெளிநாட்டுல கேஸைப் பூமிக்கு அடியில குகை வெட்டி அடைச்சு வைக்கிறாங்களாமே, அது இடிஞ்சு விழாதா சார்?" என்று கேட்டது இயல்பான கேள்விதான். அவள் மனத்தில் இருந்தது சுண்ணாம்புக்கல் குகை. ஆனால் எரிவாயுவைச் சேமிக்கும் குகைகளில் பெரும் பகுதி உப்புக்குள் குடையப்பட்டவை. உப்பு இடிந்து விழும் பொருளைவிட, மெல்ல நகர்ந்து வந்து இடைவெளியை மூடிக்கொள்ளும் பொருள் என்று சொல்வதே பொருந்தும். எனவே, குகை நிற்குமா விழுமா என்பதைவிட, அது எவ்வளவு மெதுவாக மூடிக்கொள்ளும், அதை எது தடுத்து நிறுத்துகிறது என்பதே இங்கே ஆராய வேண்டியது.

எரிவாயுவைச் சேமிக்க வேண்டிய தேவை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம், ஏறத்தாழ ஒரே பயன்பாடு. குளிர்நாடுகளிலோ கோடையில் மிஞ்சும் எரிவாயுவை வைத்திருந்து, வீடுகளைச் சூடேற்றக் குளிர்காலத்தில் எடுத்தாக வேண்டும். பழைய எண்ணெய் வயல்களிலும் நீர்தாங்கிப் பாறைகளிலும்கூட அதைச் சேமிக்கிறார்கள். ஆனால் அங்கே வாயு பாறையின் நுண்துளைகளுக்குள் புகுந்து கிடப்பதால் நிதானமாகத்தான் உள்ளே செலுத்தவும் வெளியே எடுக்கவும் முடியும். உப்புக் குகை அப்படியன்று. அது வெறும் வெற்றிடம், வால்வைத் திறந்தால் வாயு பாய்ந்து வெளியேறும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மேரிஸ்வில்லில் 1961ஆம் ஆண்டு தொடங்கிய இந்த முறை இன்று ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், சீனா எனப் பல நாடுகளில் பரவியுள்ளது. நமக்கு அருகில் இத்தகைய தடித்த பாறை உப்புப் படிவம் தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள கோராட் பீடபூமியில் உண்டு.

பாறை உப்பு என்பது நம் சமையலறை உப்பேதான். பழங்காலக் கடல்கள் வற்றியபோது படிந்து, பின்னர் மண்ணும் பாறையும் மேலே சேர்ந்து மூடியதால் ஆழத்துக்குப் போய்விட்டது. வட ஜெர்மனியின் உப்பு ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. உப்பு தன்மேல் கிடக்கும் பாறைகளைவிட எடை குறைந்தது என்பதால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது மேல்நோக்கிப் பிதுங்கி, கிலோமீட்டர் கணக்கில் உயரமுள்ள குவிமாடங்களாக எழுந்திருக்கிறது. திடப்பொருளான உப்பு ஓடும் என்பதற்கு அந்தக் குவிமாடங்களே சாட்சி. இந்த இயல்பை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

குகையை வெட்டுவதற்கு ஆளும் வேண்டாம், வெடிமருந்தும் வேண்டாம், தண்ணீர் போதும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு குவளையில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்குங்கள். 36 கிராம் அளவுக்குக் கரையும்; அதற்குமேல் எவ்வளவு கலக்கினாலும் அடியில் தங்கிவிடும். அந்த நீரை ஊற்றிவிட்டுப் புது நீர் விட்டால் மறுபடியும் கரையத் தொடங்கும். பூமிக்கடியிலும் இதையேதான் செய்கிறார்கள். உப்புப் படிவம்வரை ஒரு கிணறு தோண்டி, ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்களை இறக்கி, ஒன்றின் வழியே நன்னீரைச் செலுத்தி, இன்னொன்றின் வழியே உப்புநீரை வெளியேற்றுகிறார்கள். ஒரு கன மீட்டர் உப்பின் எடை ஏறத்தாழ 2,160 கிலோகிராம். அதற்குமேல் உப்புக் கரையாத அளவுக்குத் தெவிட்டிய உப்புநீர் ஒரு கன மீட்டர் சுமந்து வருவதோ 310 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட உப்புதான். ஆகவே ஒரு கன மீட்டர் இடத்தைக் குடைய குறைந்தது 7 கன மீட்டர் நன்னீர் வேண்டும். வெளியே வரும் நீர் முழுமையாகத் தெவிட்டியிராது என்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே செலவாகும். 60 மீட்டர் அகலமும் 200 மீட்டர் உயரமும் உள்ள ஒரு குகையைக் குடைந்து முடிக்கச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன. உயரம் 300 மீட்டரைத் தாண்டும் குகைகளும் உண்டு. அவை பினாங்குக் கொம்தார் கோபுரத்தை உயரத்தில் விழுங்கிவிடும்.

கூரையைக் காப்பதற்கு ஓர் எளிய உத்தி இருக்கிறது. உப்புநீரின்மேல் எண்ணெயையோ நைட்ரஜன் வாயுவையோ மிதக்கவிடுவார்கள். அது கூரைக்கும் நீருக்கும் இடையே திரையாக நிற்பதால் நீர் பக்கவாட்டில் மட்டும் கரைக்கும், மேல்நோக்கிக் கரைக்காது. இந்தத் திரையின் மட்டத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் குகைக்கு வேண்டிய வடிவத்தைக் கொடுக்கிறார்கள்.

இனி, அந்த ஆழத்தில் குகையை அழுத்தும் சுமை எவ்வளவு என்று பார்ப்போம். பெட்ரோல் நிலையத்தில் கார் டயருக்குக் காற்றடிக்கும்போது கருவியில் 220 என்று வைக்கிறோம். அது 220 கிலோபாஸ்கல், அதாவது 2.2 பார். தரைக்கு 1,000 மீட்டர் கீழே, மேலிருக்கும் பாறையின் எடை ஏற்படுத்தும் அழுத்தம் ஏறத்தாழ 220 பார். கார் டயரில் இருப்பதைப்போல் நூறு மடங்கு. குகையைக் குடைவதற்கு முன் அந்த இடத்தில் இருந்த உப்பு இந்தச் சுமைக்கு ஈடுகொடுத்துத் தாங்கியிருந்தது. இப்போது உப்பு போய்விட்டது. அதனிடத்தில் உள்ளே எதை வைக்கிறோமோ அதுதான் சுவரை எதிர்த்துத் தள்ள வேண்டும். வெளியே 220, உள்ளே எவ்வளவு? இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே குகையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த வேறுபாட்டுக்கு உப்பு எப்படிப் பணிகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது பாடநூல் அன்று, நான் பிறந்த தோட்டத்து ரப்பர் ஸ்டோர். அங்கே கச்சா ரப்பர் கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். அடுக்கிய அன்று எல்லாம் சதுரமாக, மூலை மடங்காமல் இருக்கும். லாரி வரத் தாமதமாகிச் சில வாரங்கள் கிடந்துவிட்டால், அடியில் உள்ள கட்டுகளின் பக்கங்கள் தொப்பை விழுந்ததுபோல் பிதுங்கி, இரண்டு கட்டுகள் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போகும். எதுவும் உடையவில்லை, எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் வடிவம் மாறிவிட்டது. உடையாமலே, சுமைக்குக் கீழே காலப்போக்கில் வடிவம் மாறும் இந்த நடத்தையை ஊர்வு என்று சொல்லலாம். உப்பின் படிகங்களும் ஆழத்தில் இப்படித்தான் ஊர்கின்றன.

இந்த ஊர்வு நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். விரிசல் ஏற்பட்டால் சுற்றியுள்ள அழுத்தத்தில் உப்பு மெல்ல ஊர்ந்து வந்து அதை மூடிவிடும். சுண்ணாம்புக்கல்லால் இது இயலாது. உப்புக்குள் வாயு ஊடுருவிப் போவது கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது இறுக்கமாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் விரிசலை மூடும் அதே ஊர்வு குகையையும் மூடப் பார்க்கும். விரிசலை மட்டும் மூடு, குகையை விட்டுவிடு என்று உப்பிடம் சொல்ல முடியாது அல்லவா?

ஊர்வின் வேகம் அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை என்பதுதான் தொடக்க நிலையில் கற்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஆய்வகச் சோதனைகளின்படி அது வேறுபாட்டின் அடுக்காகக் கூடுகிறது. அடுக்கெண் பெரும்பாலும் 3 முதல் 6 வரை இருக்கும். 5 என்று வைத்துக்கொண்டு, 1,000 மீட்டர் ஆழத்துக் குகை ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம். குகையில் வாயுவை 180 பார் அழுத்தத்தில் நிரப்பினால் வெளிக்கும் உள்ளுக்கும் வேறுபாடு 40. வாயுவை எடுத்து எடுத்து 60 பாருக்கு இறக்கிவிட்டால் வேறுபாடு 160. நான்கு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1,024. நிரம்பிய குகையைவிட ஏறத்தாழக் காலியான குகை ஆயிரம் மடங்கு வேகமாகச் சுருங்கும் என்பது இந்தக் கணக்கின் முடிவு. வேறுபாடு மிகச் சிறிதாக இருக்கும்போது உப்பில் வேறொரு வகை ஊர்வும் நடக்கிறது என்பதால், நடைமுறையில் இந்த விகிதம் இவ்வளவு கடுமையாக இராது. இருந்தாலும் போக்கு இதுதான். குகையை நிற்கவைப்பது அதன் சுவர் மட்டுமன்று, உள்ளே அடைபட்டிருக்கும் வாயுவும்தான். காற்று நிரம்பிய டயர் காரைத் தாங்குவதுபோல, வாயு நிரம்பிய குகை பூமியைத் தாங்குகிறது.

எனவேதான் எந்தக் குகையையும் முழுமையாகக் காலி செய்வதில்லை. மொத்த வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எப்போதும் உள்ளேயே கிடக்கும். அதை மெத்தை வாயு என்கிறார்கள். எனக்கென்னவோ முட்டுவாயு என்பதே பொருந்தும் என்று தோன்றுகிறது, மரத்துக்கு முட்டுக்கொடுப்பது போன்றதுதானே அதன் வேலை. விற்க முடியாத அந்த வாயுவுக்கும் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்பதால், அதை இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாமே என்ற ஆசை நிறுவனங்களுக்கு எப்போதும் இருக்கும்.

ஆழமும் வெப்பமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆழம் இரட்டித்தால் பாறையின் சுமையும் இரட்டிக்கும்; அடுக்கெண் 5 என்றால் ஊர்வு 32 மடங்கு. அதோடு பூமிக்குள் போகப் போக வெப்பம் ஏறும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பலவகை உப்புகளின் ஊர்வு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்காகிவிடும். இரண்டும் சேர்ந்தால் ஊர்வு அந்த 32 மடங்கையும் வெகுவாகத் தாண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எமினென்ஸ் என்ற இடத்தில் 1970ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,700 மீட்டருக்கும் 2,000 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தில் இயங்கத் தொடங்கிய குகை ஒன்று இதைக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு காணாமல் போனது. அடித்தளம் பத்து மாடிக் கட்டடத்தைவிட உயரமாக மேலே எழும்பியிருந்தது. பிரான்சின் தெர்சான் குகை ஒன்று ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில் பத்தாண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சிய அளவு சுருங்கியது. இரண்டிலும் குகை வெடிக்கவில்லை, கூரை நொறுங்கவில்லை. கட்டிய அறை, கட்டியவரின் கண்முன்னே சிறுத்துப்போனது, அவ்வளவுதான். இவற்றுக்குப் பிறகுதான் குறைந்தபட்ச அழுத்தம் என்ற எல்லையைப் பொறியாளர்கள் உரிய கவனத்தோடு கணக்கிடத் தொடங்கினார்கள்.

அப்படியானால் குகையை எப்போதும் நிரப்பியே வைத்துவிடலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளியே இருக்கும் பாறையின் அழுத்தத்தை நெருங்கினால், வாயு உப்பைப் பிளந்துகொண்டு வழிதேடும். எனவே கிணற்றின் சுவரை உறைபோல் காக்கும் உறைக்குழாய் முடியும் இடத்தில், பாறைச் சுமையின் ஏறத்தாழ 80 முதல் 85 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பரவலான வழக்கம். 220 பார் என்றால் 180ஐ ஒட்டிய அளவு. மேலே போட்ட கணக்கில் அந்த எண் வந்ததும் இதனால்தான்.

இந்த இரண்டு எல்லைகளுக்குள் இருந்தாலும் அவசரம் கூடாது. எரிவாயுத் தோம்பில் வாயு வேகமாக வெளியேறும்போது தோம்பு சில்லென்று குளிர்ந்து, வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தோம்பில் திரவம் ஆவியாவதால் குளிர்ச்சி ஏற்படுகிறது. குகையில் வாயு விரிவடைவதால் ஏற்படுகிறது. காரணம் வேறானாலும் குளிரும் சுவரின் நிலை ஒன்றே. குளிர்ந்த உப்பு சுருங்கப் பார்க்கும்; பின்னால் இருக்கும் சூடான உப்பு அதை விடாது; முடிவில் சுவரின் தோலில் விரிசல் விழும். அழுத்தம் திடீரென இறங்கும்போது உப்பு ஊர்வதற்கும் நேரம் கிடைப்பதில்லை, நுண்விரிசல்கள் பெருகி உப்பு சற்றே உப்பிப்போகும். ஊர அவகாசம் கொடுத்தால் ரப்பர், கொடுக்காவிட்டால் கண்ணாடி என்பதுதான் உப்பின் குணம். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை பார் இறக்கலாம் என்பதற்கும் வரம்பு வைத்து, பல இடங்களில் 10 பார் என்ற அளவை ஒட்டியே இயக்குகிறார்கள். வரம்பை மதித்தால் குகை நாள்தோறும் ஏறி இறங்கும் அழுத்தத்தையும் தாங்கும். ஜெர்மனியின் ஹுண்டார்ஃபில், மின் உற்பத்திக்காக எரிவாயுவுக்குப் பதிலாக அழுத்திய காற்றைச் சேமிக்கும் இரண்டு உப்புக் குகைகள் 1978 முதல் இயங்கி வருகின்றன.

வடிவத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தட்டையான கூரை தொய்யும், வளைந்த கூரை சுமையைச் சுவருக்குக் கடத்தும். கோயில் கோபுர வாசல் வளைவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அருகருகே பல குகைகள் இருந்தால் நடுவே விடப்படும் உப்புத் தூண் போதிய பருமனாக இருக்க வேண்டும். சீனாவின் ஜின்தான் போன்ற இடங்களில் உப்பு குவிமாடமாக இல்லாமல் படுகைகளாகக் கிடக்கிறது. நடுநடுவே களிமண் பாறை அடுக்குகள் வருகின்றன. அவை நீரில் கரையா, உப்பைப்போல் ஊரவும் செய்யா. சுற்றியுள்ள உப்பு கரைந்தபின் அவை பலகைபோல் குகைக்குள் நீட்டிக்கொண்டு நின்று, ஒருநாள் முறிந்து விழுந்து குழாயை வளைத்துவிடும்.

உலகில் நடந்த பெரும் விபத்துகளைப் பார்த்தால் வேறொரு உண்மை புலப்படும்: எரிவாயுக் குகைகளில் பெரும்பாலும் பழுதானது உப்பு அன்று, குழாய். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஹட்சின்சன் நகரில் 2001 ஜனவரி 17ஆம் நாள் திடீரென நகர மையத்தில் வெடிப்பு ஏற்பட்டது. மறுநாள் இன்னொரு வெடிப்பில் இருவர் இறந்தனர். சேமிப்புக் குகைகளோ அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. ஒரு கிணற்றின் உறைக்குழாயில், குகைக்கு வெகு மேலே, தரைக்கு ஏறத்தாழ 180 மீட்டர் கீழே விழுந்திருந்த ஓட்டை வழியே வாயு கசிந்து, பாறை அடுக்கு ஒன்றின் ஊடே நகரம்வரை பயணம் செய்து, எல்லாரும் மறந்துபோன பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியே மேலே வந்திருக்கிறது. டெக்சாஸின் மாஸ் பிளஃபில் 2004 ஆகஸ்டில் நடந்ததும் குழாய்ப் பழுதுதான். குகையிலிருந்த வாயு முழுவதும் தீரும்வரை ஆறு நாள்களுக்கு மேல் தீ எரிந்தது.

உப்பே பழுதான நிகழ்வுகளும் உண்டு. அவை எரிவாயுச் சேமிப்பில் அல்லாமல் உப்புநீர் எடுப்பதற்காகக் குடைந்த குகைகளில் நேர்ந்தவை. லூசியானாவின் பேயூ கார்ன் என்ற சிற்றூரில் 2012 ஆகஸ்டில் சதுப்புநிலக் காடு மரங்களோடு உள்ளே அமிழ்ந்தது. குகை, குவிமாடத்தின் ஓரத்துக்கு மிக அருகே குடையப்பட்டிருந்ததால் பக்கச் சுவர் உடைந்து வெளிப்பாறை உள்ளே சரிந்ததே காரணம். பிரேசிலின் மாசேயோ நகரத்துக்கு அடியில் 35 கிணறுகள் வழியே உப்பு எடுத்திருந்தார்கள். 2018இல் நில அதிர்வும் வீடுகளில் விரிசலும் தொடங்கி, பின்னர் ஏறத்தாழ 60,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நிறைய ஈயக்குட்டைகளை விட்டுச் சென்ற கிந்தா பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு, தோண்டியவர் போனபின் நிலம் கணக்குக் கேட்கும் என்பது தெரியாததன்று.

குகைக்குள் மனிதர் யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. ஆகவே ஒலி அலையை அனுப்பிச் சுவரின் தொலைவை அளக்கும் சோனார் கருவியைக் கிணற்றின் வழியே இறக்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குகையின் வடிவத்தை வரைந்தெடுக்கிறார்கள். கிணறு கசியவில்லை என்பதை உறுதிசெய்ய நைட்ரஜனை நிரப்பி, அதன் அடிமட்டம் மேலே ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். மேலே தரையின் மட்டத்தையும் அளந்துகொண்டே வருகிறார்கள். குகை சுருங்கினால் அந்த இழப்பு நாளடைவில் தரையில் அகன்ற, ஆழமற்ற தாழ்வாகத் தெரியும்.

என் மாணவி கடைசியாகக் கேட்டது, "வேலை முடிஞ்சதும் என்ன சார் செய்வாங்க?" என்பது. மெத்தை வாயுவை எடுத்துவிட்டு உப்புநீரை நிரப்பிக் கிணற்றைச் சிமெண்டால் அடைப்பார்கள். ஆனால் உடனே அடைக்க முடியாது. நிரப்பிய உப்புநீர் சுற்றியுள்ள பாறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அது சூடேறும்போது விரிவடையப் பார்க்கும். அடைத்த குகையில் ஒரு பாகை வெப்பம் ஏறினாலே அழுத்தம் ஏறத்தாழ 10 பார் கூடிவிடும். அதோடு உப்பும் ஊர்ந்து வந்து நீரை நெருக்கும். பெரிய குகைகளில் நீர் பாறையின் வெப்பத்தை எட்டப் பல பத்தாண்டுகள் பிடிக்கலாம். எனவே கிணற்றைத் திறந்தே வைத்து, அழுத்தம் கூடும்போதெல்லாம் சிறிது சிறிதாக உப்புநீரை வெளியேற்றிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நீர் சூடேறி முடிந்தபின் அடைத்தால், மிக நுண்ணிய அளவில் உப்புக்குள் கசியும் நீரும், உப்பு ஊர்ந்து இழக்கும் இடமும் ஒன்றுக்கொன்று ஈடாகி, பாறையின் சுமைக்குச் சற்றுக் குறைவான ஓர் அழுத்தத்தில் குகை நிலைகொள்ளும்.